பச்சைப் புள்ளி போட்ட டப்பா

பெலிக்ஸ்: மெதுவாத் தூக்கு, மூடி லூசா இருக்கு. அப்பிடி என்னத்த உத்து உத்துப் பாக்க, செல்வி?

செல்வி: எழுத்தாண்ணாச்சி இது, எறும்பு ஊந்த மாதிரி... நீங்க கண்ணாடியப் போட்டு வாசிச்சுச் சொல்லுங்க. இந்த ஜெல்லி மிட்டாயில என்னென்ன போட்டிருக்கான்?

பெலிக்ஸ்: ஒத்த ரூவா மிட்டாய்க்கு இம்புட்டு விசாரணையா. ராஜபாளையத்துல நான் கடை போட்ட நாள்ல இருந்து ஒருத்தரும் இதக் கேட்டதில்ல.

செல்வி: வெளாடாதீங்க. எலும்பு இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.

பெலிக்ஸ்: எலும்பா... மிட்டாயிலயா?

செல்வி: போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. மாட்டு எலும்பு, பன்னித் தோலு, எல்லாத்தையும் கொதிக்க வச்சு, அதுல வார பசையிலதான் இதச் செய்தாங்கன்னு ஒருத்தன் சொல்லுதான். ஜெலட்டினாம்.

பெலிக்ஸ்: ஜெலட்டினா? அது ஆலங்குளம் பக்கம் பாறைக்கு வெடி வைக்கதுல்லா...

செல்வி: அண்ணாச்சி.

பெலிக்ஸ்: சரி, சரி, சிரிக்கல. மூஞ்சி ஏன் இப்பிடி வெளிறிக் கெடக்கு? யாரு என்ன தின்னா?

செல்வி: நான் இல்ல. எங்க தெருவுல ஒரு அக்கா இருக்கா. அவ வீட்டுக்காரரு நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பூக்குழி எறங்குதாரு.

பெலிக்ஸ்: உன் வீட்டுக்காரனும் எறங்குதான்ல? பாண்டிதுரை மஞ்சத்துணியோட போனத நேத்துப் பாத்தேனே.

செல்வி: அவியளும்தான்... இது வேற ஆளு. காப்புக் கட்டி விரதம். ஒருநேரச் சாப்பாடு. இந்த வெயில்ல அவருக்குத் தலை கிறுகிறுங்கவும், வெறும் சர்க்கரைதானேன்னு அந்த அக்கா தெனமும் இந்த மிட்டாய ரெண்டு மூணு கையில குடுத்திருக்கா.

பெலிக்ஸ்: நல்ல அக்கா. கரும்புச்சாறு வாங்கிக் குடுக்க வேண்டியதுதான?

செல்வி: வேலைக்குப் போற எடத்துல கரும்புச்சாறுக்கு எங்க போக? மிட்டாய்ன்னா பைக்குள்ள கெடக்கும். இப்ப அந்த வீடியோவப் பாத்ததுல இருந்து அவளுக்குச் சோறு எறங்கல.

பெலிக்ஸ்: அறியாமத் தின்னதுக்கு அம்மன் கோவிப்பாளா?

செல்வி: உங்களுக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சோட முடிஞ்சுபோச்சு. காப்புக் கட்டுன ஒடம்புக்குள்ள கவுச்சி போனா நெருப்பு விடுமா, அண்ணாச்சி? தனியா எறங்குனாக்கூடப் போகுதுன்னு விடலாம். பிள்ளையத் தூக்கிட்டு எறங்குதாரு.

பெலிக்ஸ்: பிள்ளையவா...

செல்வி: அது டெங்குல கெடந்தப்ப நேந்துக்கிட்டது. பொழச்சு எந்திச்சா தூக்கிட்டுப் பூ மெதிக்கேன்னு.

பெலிக்ஸ்: அப்பன்ட்ட விசயத்தச் சொல்லியாச்சா?

செல்வி: எப்பிடிச் சொல்ல? சொன்னா இப்பவே காப்ப அவுத்துருவாரு. நேத்திக்கடன் நின்னுபோகும். சொல்லாம விட்டா... அந்தக் கங்குக்குள்ள அவிய கால் வைக்கும்போது நான் எப்பிடிப் பாத்துக்கிட்டு நிக்க?

பெலிக்ஸ்: நீ எதுக்கு நிக்க?

செல்வி: அது என் பிள்ளைல்லா அண்ணாச்சி...

பெலிக்ஸ்: ஏ தாயி... அந்த அக்கா நீதானா?

செல்வி: வாசிங்க அண்ணாச்சி.

பெலிக்ஸ்: இரு... டப்பாவக் குடு. சர்க்கரை. குளுக்கோஸ் சிரப்பு. பெக்டின்... அதென்ன பெக்டின்? போன்ல பாக்கேன் இரு. ஆங், பழத்தோல்ல எடுக்கதாம். ஜெலட்டின்னு எங்கயும் போடல.

செல்வி: நல்லாப் பாத்தீகளா?

பெலிக்ஸ்: புளிப்புக்கு சிட்ரிக் ஆசிட். கலருக்கு பீட்ரூட் சாறு. இந்தா, பச்சப் புள்ளி போட்டிருக்கான் பாரு. சைவந்தான். கவுச்சியா இருந்தா வேற கலர்ல போட்டிருப்பான்.

செல்வி: நெசமாவா?

பெலிக்ஸ்: பேப்பர்ல இருக்கதத்தான சொல்லுதேன்.

செல்வி: பேப்பரே மஞ்சப்பூத்துக் கெடக்கு. மிட்டாய் மட்டும் நேத்து செஞ்ச மாதிரி மினுமினுங்குது.

பெலிக்ஸ்: அது... வெயில் படுத எடத்துல வச்சிருக்கேன்ல. பேப்பர்தான் வெளுக்கும். சரி, குடு, உள்ள வைக்கேன்.

செல்வி: செத்த நேரம் என் கையிலயே இருக்கட்டும். இந்தப் புள்ளியப் பாத்தாத்தான் மூச்சு வருது.

பெலிக்ஸ்: பாத்துட்டல்ல? வீட்டுக்குப் போ. போயிச் சாப்பிடு.

செல்வி: அப்ப ஆத்தா எதுக்குப் பிள்ளை மேல கோவத்தக் காட்டுதா?

பெலிக்ஸ்: என்னத்தக் காட்டுதா?

செல்வி: மூணு நாளா என் மவன் அழகுக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா எந்திக்கி. செவசெவன்னு. மத்தியானம் அமுங்குது, சாயங்காலம் திரும்ப வருது. எங்க அத்தை அம்மைன்னு வேப்பிலை சொருகிட்டாவ. வீட்ல ஏதோ தப்பு நடந்திருக்கு, அதான் ஆத்தா எறங்கிட்டான்னு சொல்லிக்கிட்டே என்னையப் பாக்காவ.

பெலிக்ஸ்: மூணு நாளாவா... டாக்டர்ட்டக் காட்டலியா?

செல்வி: அம்மைக்கு யாரு ஊசி போடுவா?

பெலிக்ஸ்: பிள்ளை... அவன் இந்த மிட்டாயத் தின்னானா?

செல்வி: அவனா? கண்ணுல கூடக் காட்டுததில்ல. போன வருசம் செவப்பு மருந்து ஒண்ணு குடுத்து, மூஞ்சியெல்லாம் வீங்கிப்போச்சே. கலர்ப்பொடி இவனுக்கு ஆகாது, இன்னொரு தடவ போனா மூச்ச அடைக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுல இருந்து கேசரிகூட வெள்ளையாத்தான் கிண்டுதேன்.

பெலிக்ஸ்: நல்லது... நல்லது தாயி. குடுக்கவே குடுக்காத.

செல்வி: உங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்கி?

பெலிக்ஸ்: ஃபேன் சரியாச் சுத்தல. அந்தா பைக்கு வருதே, பாண்டிதுரையா அது?

செல்வி: அவியதான்... பிள்ளையத் தோள்ல போட்டுட்டு வாராவ. அண்ணாச்சி, மிட்டாயிப் பேச்ச எடுத்துராதீங்க.

பாண்டிதுரை: ஏட்டி, போன எடுக்க மாட்டியா? எத்தன தடவ அடிக்க?

செல்வி: என்னங்க... ஆத்தா, இவன் ஒதடு என்ன இப்பிடிக் கெடக்கு?

பாண்டிதுரை: இப்ப செத்த மின்னதான் வீங்குச்சு. மூச்சு ஒரு மாதிரி இழுக்கான். அம்மை இல்லட்டி இது. ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

செல்வி: நாந்தான், எல்லாம் என்னாலதான்... உங்களுக்குக் குடுத்த மிட்டாயி...

பெலிக்ஸ்: பாண்டி, பிள்ளை இப்ப என்ன தின்னான்? மறைக்காமச் சொல்லு.

பாண்டிதுரை: ஒண்ணும் தின்னல.

பெலிக்ஸ்: நாக்கு செவந்திருக்கு பாரு.

பாண்டிதுரை: ...அவ குடுத்துவிடுத ஜெல்லி மிட்டாயி.

செல்வி: அது உங்களுக்குல்லா குடுத்தேன்?

பாண்டிதுரை: நான் ஒண்ணுகூட வாயில போடல செல்வி. காப்போட கண்டதத் திங்க பயமா இருந்துச்சு. நீ ஆசையாக் குடுக்கத வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல. பைக்குள்ள போட்டு வச்சிருவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா இவன் பையத் தடவுவான். எல்லாப் பிள்ளையளும் திங்குது, நீ இவனுக்கு ஒண்ணும் குடுக்கதில்ல... பாவமா இருந்துச்சு.

செல்வி: அப்ப நீங்க சுத்தமாத்தான் இருக்கீக... ஆத்தா கோவிக்கல...

பாண்டிதுரை: எந்தக் கோவம்?

செல்வி: கலர் ஆகாதுன்னு தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சும் எப்பிடிக் குடுத்தீக?

பாண்டிதுரை: தெரியாமயா குடுப்பேன்? போன வாரமே இங்க வந்து இந்த டப்பாவப் பாத்தேன். பீட்ரூட் சாறுன்னு போட்டிருக்கு. அண்ணாச்சிட்டயும் கேட்டேன். ஆமா, பீட்ரூட்தான்னாரு. வீட்ல பீட்ரூட் பொரியல் திங்கான்ல இவன்? அத நம்பித்தான்...

பெலிக்ஸ்: பைக்க எடு பாண்டி. பேசிக்கிட்டு நிக்காத.

செல்வி: டப்பாவயும் கொண்டு போவோம். என்ன தின்னான்னு டாக்டர் கேப்பாரு. இதுல எல்லாம் போட்டிருக்கு, காட்டுனா மருந்து குடுக்க லேசா இருக்கும்.

பெலிக்ஸ்: டப்பா வேண்டாம்.

செல்வி: வெல வேணும்னா பொறவு தாரேன், விடுங்க அண்ணாச்சி.

பெலிக்ஸ்: அதுக்கில்ல தாயி...

பாண்டிதுரை: கைய விடுங்க அண்ணாச்சி, பிள்ளைக்கு இழுக்குது.

பெலிக்ஸ்: டாக்டர்ட்ட அந்தப் பேப்பர மட்டும் காட்டிராதீங்க... டப்பாதான் அந்தக் கம்பெனி. அதுல வந்த மிட்டாய் எப்பவோ தீந்துபோச்சு. உள்ள கெடக்கது சந்தையில மூட்டையா வாங்கி நான் கொட்டுனது. என்ன கலரு போட்டான்னு எனக்குத் தெரியாதுன்னு... பெலிக்ஸ் சொன்னான்னே அவர்ட்ட சொல்லு, பாண்டி.