ஒன்பது பத்து

என் மேஜையில் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். அதனால் நர்ஸுகள் எனக்கு ‘ஆறுதல் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் யாராவது இறந்தால் ஏன் இறந்தார் என்று விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. குடும்பத்தாரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்பேன். திட்டிக்கொண்டே வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நீங்கள் ஐந்தாம் மாடியில் இறந்த பெண்ணைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு எட்டு மாதம் முன்னால் மூன்றாம் மாடியில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

அங்கே ஒரு தச்சர் இறந்தார். நெஞ்சு வலி என்று மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இந்தக் கட்டிலைச் செய்தவனுக்கு அளவெடுக்கத் தெரியாது என்று நர்ஸிடம் கேலி பேசிக்கொண்டிருந்தாராம். ஊசி போட்டதும், கையில் செருகியிருந்த குழாயைக் கழுவ நர்ஸ் சலைன் என்று நினைத்து உப்புநீர்க் குப்பி ஒன்றை எடுத்துச் செலுத்தினாள். ஒரு நிமிடத்தில் இதயம் நின்றுவிட்டது. நான் குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். கிடந்தது சலைன் குப்பி இல்லை, பொட்டாசியம். நீர்க்கச் செய்யாமல் செலுத்தினால் ஆளையே முடித்துவிடும் மருந்து. இரண்டு குப்பியும் ஒரே உயரம், உள்ளே தண்ணீர் போலத்தான் இருக்கும். ஒரே ட்ரேயில் அடுத்தடுத்து இருந்தன.

அப்படி அடுக்கச் சொன்னவன் நான்; வார்டு ஒழுங்கும் என் பொறுப்பில்தான் இருந்தது. நர்ஸுகளுக்கு நடை மிச்சமாகட்டும் என்று எல்லா மாடிக்கும் உத்தரவு போட்டு, அதற்குப் பாராட்டுச் சான்றிதழும் வாங்கியிருந்தேன்.

காலிக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என்ன ஆச்சு சார் என்று அந்த நர்ஸ் கேட்டதற்கு, அவருக்கு இதயம் ரொம்பப் பலவீனம் என்றேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லா மாடிக்கும் சேதி போயிருக்கும். ஐந்தாம் மாடிப் பெண் இன்று வீட்டில் இருந்திருப்பாள்.

மூன்றாம் மாடியில் மட்டும் பொட்டாசியத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மற்ற மாடிகளில் மாற்ற வேண்டுமென்றால் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும், அதில் காரணம் எழுத வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நோயாளி தாமதமாக வந்தார் என்று அறிக்கை எழுதினேன். ‘கற்றுக்கொண்ட பாடம்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. வலி வந்தால் உடனே வர வேண்டும் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்வது அவசியம் என்று நிரப்பினேன். நிர்வாகம் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் ஒட்டியது.

தச்சரின் மகள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“எட்டு மணிக்கு வலின்னாரு. ஒம்பது மணி வாக்குல வந்துட்டோம்னுதான் சார் நெனச்சேன்” என்றாள்.

வாசல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். பத்து பத்து என்று இருந்தது. நெடுநேரம் அதையே பார்த்தாள்.

“அப்போ நான்தான் லேட் பண்ணிட்டேனா சார்?”

“அதெல்லாம் நெனச்சு மனசப் போட்டு வருத்திக்காதீங்கம்மா” என்று டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தது, பழியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன்.

ஐந்தாம் மாடிப் பெண் பிரசவமாகி மூன்று நாளாக எங்களிடமே இருந்தவள். தாமதம் என்று எழுத வழியில்லை. அதே ட்ரே, அதே குப்பி. மருந்து ஒவ்வாமை இருப்பதைக் குடும்பத்தார் சொல்லவில்லை என்று எழுதினேன். அவ எப்பவாவது சொல்லி நான்தான் மறந்துட்டேனா என்று அவள் கணவர் என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசிக்கொண்டேதான் பெட்டியை நகர்த்தினேன்.

தச்சரின் மகளை இப்போதும் அடிக்கடி பார்க்கிறேன். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். வாசலில் நின்று ஒரு சின்ன நோட்டில் மணியை எழுதி, காவலாளியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் உள்ளே வருவாள். தன் கண்ணையே அவள் நம்புவதில்லை. காவலாளி சிரிப்பான், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒருத்தியாவது பாடம் கற்றுக்கொண்டாளே என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன். தச்சர் இறந்த அன்றே, டீ கொட்டிவிட்டது என்று வாசல் பதிவேட்டின் அந்த நாள் பக்கத்தைக் கிழித்துவிட்டு, என் கையாலேயே புதிதாக எழுதினேன். பழைய பக்கத்தில் இருந்தது ஒன்பது பத்து. தச்சரின் மகள் நேரத்தோடுதான் வந்தாள். அதை மட்டும் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் பாவம், அவள் மனம் தாங்காது.