நாலு விரல் ஒடுக்கம்

இல்லை அண்ணை, சைக்கிளைத் தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. கொண்டு போங்கோ. இந்த ஹாண்டிலோட மட்டும் ஓடாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.

ஒருக்கா ஏறி இருந்து பாருங்கோ. சுவரில சாய்ஞ்சு கொள்ளுங்கோ. ம்... இப்ப ரெண்டு கையாலயும் பிடியுங்கோ. பாத்தீங்களே, முழங்கை விலாவில போய் ஒட்டுது. தோள் முன்னுக்குச் சுருளுது. உங்களுக்கும் இவரைப் போல அகலத் தோள். கதவைத் திறந்த உடன திடுக்கிட்டுப் போனன், குறை நினையாதேங்கோ.

என்ர மனுசனைத்தான் சொல்லுறன். தேவராஜா அண்ணை உங்களை அனுப்பேக்க சொல்லேல்லையோ? இந்தச் சைக்கிளிலதான் செத்தவர். இந்த எழுபத்தாறாம் ஆண்டு மாசியில. முன் சில்லு நெளிஞ்சு போச்சு, தேவராஜா அண்ணைதான் வேற போட்டவர். ஹாண்டிலுக்கு ஒண்டும் நடக்கேல்லை.

இருங்கோ, இறங்காதேங்கோ.

நான் ஆம்பிளையளோட இவ்வளவு கதைக்கிறேல்லை. ஊரில அஞ்சாம் வகுப்போட நிண்டிட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்தனான், சைக்கிளும் ஓடத் தெரியாது. ஆனா இதைப் பற்றி மட்டும் கேளுங்கோ, சொல்லுவன். ஒடுக்கமெண்டால், கை கொஞ்சம் அசைஞ்சாலும் முன் சில்லு வெட்டும். இது பதிவும்கூட, குனிஞ்சுதான் பிடிக்கோணும். உடம்பின்ர பாரம் முழுக்கக் கையில இறங்கும். வேலையால வந்து சோறு குழைக்கேக்க இவருக்குச் சின்ன விரல் ரெண்டும் விறைச்சிருக்கும். கழுத்தும் நோ. நிமிந்து ஓடுறதெண்டால் இந்த மேல் கம்பியில பிடிக்கோணும். பிடியுங்கோ. இப்ப பிரேக்கை எட்டுங்கோ பாப்பம்.

எட்டாது.

மூண்டு கிழமைதான் இதோட ஓடினவர். சந்தியில லொறி ஒண்டு சிவப்பு லைட்டுக்கு நிண்டிருக்கு. இவர் தலையைக் குனிஞ்சபடி வந்து... பிரேக் பிடிச்ச அடையாளம் றோட்டில இல்லையாம், பொலிஸ் சொன்னது. ஓவர்ரைம் செய்த களைப்பெண்டு சனம் சொல்லிச்சினம். நானும் ஓமெண்டனான்.

அவர் வாற நேரம் பின்னேரம் நாலரை. இப்பவும் அந்த நேரத்துக்கு மகன் தவண்டு இந்தச் சைக்கிளடிக்கு வந்திருவான். நான் ஹாண்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சிட்டுக் குசினிக்குச் சமைக்கப் போவன். வந்து பாத்தால் அது வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கும். பிள்ளை இழுத்திருப்பான் எண்டு நினைப்பியள். அவனுக்கு எட்டாது அண்ணை.

தேவராஜா அண்ணை நாடா பிடிச்சுப் பாத்திட்டுச் சொன்னவர், ஹாண்டில் ஓடுற ஆளின்ர தோளளவு இருக்கோணுமாம். இது நாலு விரல் குறைவாம். ஆர் இந்த விசர் வேலை பாத்தது எண்டு கேட்டவர். நான் தேத்தண்ணி போட எழும்பிப் போயிட்டன்.

கட்டிலுக்குக் கீழ முந்தின அகல ஹாண்டில் கிடக்கு. சும்மாவே தாறன், பூட்டிக்கொண்டு ஓடுங்கோ. உங்கட மனிசிக்கு ஆறாம் மாசமெண்டு சொன்னீங்கள். ஃபாக்டரிக்குப் போனால் வீட்டை திரும்பி வரோணும் நீங்கள்.

என்ன? நல்ல ஹாண்டிலை இவர் ஏன் கழட்டினவரோ?

இவர் கழட்டேல்லை. இந்த ஒடுங்கின வாசல் நடையைப் பாருங்கோ. அகல ஹாண்டில் நிண்டால் பிள்ளையை வைச்சுத் தள்ளுற பிராம் வண்டில் போகாது. சைக்கிளைத் தெருவில விட்டால் களவு போயிடும். ஒரு சனிக்கிழமை இவர் நித்திரையில கிடக்க, பிராம் போக மிச்சமுள்ள இடத்தைக் கயிறால அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, சைக்கிளை நானே உருட்டிக் கடைக்குப் போனன். எனக்கு இங்கிலீஷ் வராதே, கயிறைத்தான் காட்டினன். கடைக்கார வெள்ளைக்காரன் தன்ர தோள் ரெண்டையும் தொட்டுத் தொட்டு என்னவோ கேட்டவன். உன்ர மனுசன் வாட்டசாட்டமான ஆளோ எண்டு கேக்கிறான் எண்டு நினைச்சன். எனக்கு வெக்கமாப் போச்சு. சிரிச்சுக்கொண்டு, ஓமெண்டு தலையாட்டினனான்.