அழைப்பு என் பக்கம் வரட்டும்

சும்மா சொல்லக்கூடாது, உங்கள் காவல் நிலையத்துக் காப்பி நன்றாகவே இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஊற்றுவது கஷாயம்.

இந்தச் சுண்ட்ஸ்வால் நகரத்தில் தனியாக வாழும் முதியவர்கள் கையில் அவசரப் பொத்தான் கட்டியிருப்பார்கள். அழுத்தினால் அழைப்பு முதலில் எங்கள் லோடு பேலன்சருக்கு வரும். எந்தப் பணியாளர் சும்மா இருக்கிறாரோ அவருக்கு அது பிரித்துக் கொடுக்கும். அதைக் கண்காணிப்பது என் வேலை. பார்க்கலாம், மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் திரையில் ‘மாற்று’ பொத்தானை மட்டும்தான் மறைத்திருந்தார்கள். கட்டளையை நேராக அனுப்பினால், அனுப்பியது யாரென்று அந்த மென்பொருள் கேட்கவே இல்லை. வாசலுக்குப் பூட்டு, கொல்லைக்குக் கதவே கிடையாது. மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆர்விட்டை நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

ஆர்விட் மரம் அறுக்கும் ஆலையில் ஒரு காலை இழந்தவர். பேச ஆளில்லாமல் பொத்தானை அழுத்துவார். “உன் மாப்பிள்ளை கூப்பிடுறாரு, எடு” என்று பணியாளர்கள் தங்களுக்குள் சிரித்ததைக் கேட்டேன். அவர் அழைப்பை மட்டும் என் கைபேசிக்குத் திருப்பினேன்.

அதன்பின் அவருக்கு ஒரு குறையும் இல்லை. மீன் ஊறவைக்கும் பக்குவம், ஹாக்கி அணியில் யார் தண்டம், எல்லாம் பேசுவோம். நீ ஒருத்தன் அங்கே இருப்பதே போதும் என்பார். எனக்கும் அது போதுமாயிருந்தது.

பிப்ரவரியில் ஓர் இரவு குளியலறையில் விழுந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை, தலையில் ரத்தம் என்றார். பணியாளரிடம் சொன்னால்தான் வண்டி போகும். சொன்னால், அழைப்பு உனக்கெப்படி வந்தது என்பார்கள். 112-ஐக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அங்கும் அதே கேள்விதான் வந்திருக்கும்.

“வர்றாங்களாப்பா?”

“வந்துக்கிட்டே இருக்காங்க. நீங்க பேசிக்கிட்டே இருங்க.”

மறுநாள் மதியம்வரை பேசினோம். தண்ணீர் கேட்டார். கடைசியில் இறந்துபோன மகன் பெயரைச் சொல்லி, நீதானா என்றார். ஆமாம் என்றேன். பிறகு குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. இந்த அறையில் குழாயே இல்லை, ஆனாலும் இப்போது கேட்கிறது. மறைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் அவர் தனியாகச் சாகவில்லை. எந்தப் பணியாளர் அவ்வளவு நேரம் கூடவே இருந்திருப்பார்?

உங்கள் மேசையில் அதிர்வது என் கைபேசி. மாய்லிஸ் கூப்பிடுகிறாள், அவளும் தனியாக இருக்கும் கிழவிதான். ஆர்விட் போனபின் அவள் அழைப்பையும் என் பக்கம் திருப்பிக்கொண்டேன். விடாமல் அழுத்துகிறாள், விழுந்திருப்பாள். அதை என்னிடம் கொடுங்கள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை.