ஒன்பது பெயர் எழுதிய கடதாசி

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

ராசன் அண்ணை கத்துகிறார். பக்கத்துப் பங்கர், பதுங்குகுழி, அவருடையது. ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். குத்தும் சத்தம் கேட்கிறது. டும். தூரத்தில் ஷெல்லை ஏவும் சத்தத்துக்கு நாங்கள் குத்துதல் என்போம். குத்தினால் எண்ணவேண்டும். பதினொன்றில் கூவிக்கொண்டு வரும். பன்னிரண்டில் விழும். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று.

2009. சித்திரை மாதம். போரின் கடைசி நாட்கள். மாத்தளன். காலை ஏழு மணி தாண்டியிருக்கும். என் பெயர் ஜெசிந்தா. மன்னார்க் கடற்கரையைச் சேர்ந்தவள். மடியில் சின்னவள் ஷறோன். மூன்று வயது. காய்ச்சல். அதனால் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே. என் கணவர் அலோசியஸ் மூத்தவை இரண்டையும் கூட்டிக்கொண்டு கஞ்சிக் கொட்டிலுக்குப் போய்விட்டார். பிள்ளைகளுக்கென்றால் ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றுவார்கள். பங்கர் சுவருக்கு மண்மூட்டை. மூட்டை என் கலியாணச் சீலை. காவிக்கொண்டு வந்த தையல் மெசினில் நானே வெட்டித் தைத்தது.

நாலு. ஐந்து. ஆறு.

ஒன்பதில் மண் வாய்க்குள் வந்துவிட்டது. அது கூவினதா? தெரியாது. எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. தெளிவில்லாததைத் தெளிவில்லை என்றே எழுதுகிறேன்.

ராசன் அண்ணை கையால் மண்ணைக் கிண்டினார். முதலில் ஷறோனை எடுத்தார். பிறகு என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையில் இரண்டு விரல் இல்லை. அதற்கு முதல் கிழமைதான் போனது. கட்டுப் பிரிந்து இரத்தம் என் முகத்தில் வடிந்தது. அந்தக் கை இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

கஞ்சிக் கொட்டிலுக்கு ஓடினேன். அங்கேயும் விழுந்திருந்தது. அலோசியஸ் இடுப்பில் கட்டியிருந்த சறத்தை அடையாளம் கண்டேன். மற்றதை எழுதமாட்டேன்.

அந்த இடத்துக்கு நாங்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. போகச் சொன்னார்கள். அரசாங்க ரேடியோவில் சொன்னார்கள். வானத்திலிருந்து துண்டுக் கடதாசி போட்டுச் சொன்னார்கள். பாதுகாப்பு வலயம். அங்கே போனால் ஒன்றும் நடக்காது. போனோம். ஊரை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து அது ஏழாவது இடம். போகச் சொன்ன இடத்திலேயே அடித்தார்கள். செத்தவர்களுக்குப் பூசை இல்லை. பெட்டி இல்லை. பங்குச் சுவாமி வந்து பெயர் சொல்லி மன்றாடவில்லை. பின்னேரத்துக்குள் அங்கிருந்தும் ஓடினோம்.

இப்போது சிட்னி. பரமட்டாவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் தொழிற்சாலை. காலை ஆறு மணி ஷிஃப்ட். படுக்கை விரிப்புகளை உருளை மெசினுக்குள் கொடுப்பது என் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்கம் எடுத்துத்தான் உள்ளே விடவேண்டும்.

ஒருநாள் பத்தரை மணி இடைவேளை. வெளியே நின்று சாப்பிடுகிறோம். பக்கத்துக் கட்டடத்தை விற்கப்போகிறார்கள். அதைப் படம் பிடிக்க யாரோ சின்ன ட்ரோன் ஒன்றை ஏற்றுகிறார்கள். இரைச்சல். என் ரொட்டி நிலத்தில். நான் சுவரோடு குந்திவிட்டேன். கை தலைக்குமேல். சிரிக்கிற சத்தம் கேட்கிறது. நிமிர்கிறேன். இருபது பேரில் இன்னும் ஒருத்தி மட்டும் குந்தியிருக்கிறாள். அவள் சமர். பலஸ்தீனப் பெண். காஸாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். அதே 2009இல், தை மாதம், அவளும் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் படுத்துக்கிடந்தவளாம்.

தலைக்குமேல் சுற்றும் வேவு விமானத்தின் அந்த இரைச்சலுக்கு நாங்கள் வண்டு என்போம். அவர்கள் சனானா என்கிறார்கள். அன்றிலிருந்து ஒரே மெசினில் நின்றோம். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். அது போதுமாக இருந்தது. ஆறு வருடம் ஒரே விரிப்பை இழுத்தோம். அவள் என்னை ஜெசி என்பாள். என் சோற்றில் உறைப்புக் கூட என்று திட்டிக்கொண்டே தின்பாள்.

பிறகு காஸாவில் திரும்பவும் தொடங்கியது. எல்லை பூட்டுவதற்கு முன் அவளுடைய தாய் மட்டும் விசிட்டர் விசாவில் வந்து சேர்ந்தார். அவரை உம் யூசுப் என்பார்கள். யூசுப்பின் தாய் என்று அர்த்தம். அவர்கள் மூத்த மகனின் பெயரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவார்கள். யூசுப் செத்துவிட்டான். அவர் இன்னும் உம் யூசுப்.

தெற்கே போங்கள், அங்கே பாதுகாப்பு என்று செய்தி வந்ததாம். போனார்களாம். போன வீட்டின்மேலேயே விழுந்ததாம். உள்ளே ஆறு பேர். யூசுப், மனைவி, நாலு பிள்ளைகள். இன்னும் இடிபாட்டுக்குள்தான். உம் யூசுப் பாண் வாங்க வரிசையில் நின்றதால் மிஞ்சினார். என் பிள்ளைகள் வரிசையில் நின்றதால் செத்தார்கள். அவர் வரிசையில் நின்றதால் உயிரோடு இருக்கிறார். இதைச் சமர் சொன்னபோது மெசினை நிற்பாட்டிவிட்டேன். சூப்பர்வைசர் ஏசினான்.

உம் யூசுப் பிறந்ததே அகதி முகாமில். தாய் தகப்பன் அதற்கு முன்னமே ஊர் இழந்தவர்கள். நான் நடந்து நடந்து அகதியானேன். அவர் பிறக்கும்போதே அகதி. இங்கே வந்தும் இருப்புக்கு உறுதியில்லை. தொழிற்சாலை ரேடியோவில் நாள் முழுக்க காஸாவிலிருந்து வந்தவர்களைப் பற்றித்தான் சண்டை. சரியாகச் சோதிக்காமல் உள்ளே விட்டது பிழை என்கிறார் ஒருவர். இத்தனை பேரை மட்டும் எடுத்தது வெட்கக்கேடு என்கிறார் இன்னொருவர். அடுத்தவர் இரண்டு பேரையும் ஏசுகிறார். நான் படகில் வந்தபோதும் இதே கதைதான். வரிசையை வெட்டி வந்தவர்கள் என்றார்கள். அந்த வரிசை எங்கே இருந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

உம் யூசுப்புக்கு ரேடியோ விளங்காது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறு பெயரையும் ஓரிடத்தில் சத்தமாக வாசிக்கவேண்டும். அதைக் கேட்டு ஆட்கள் எழும்பி நிற்கவேண்டும். பள்ளிவாசலில் எல்லாருக்கும் சேர்த்துத் தொழுதார்கள். அவ்வளவு பேரில் யாருடைய பெயரை என்று வாசிப்பது?

அந்த ஆசை எனக்கு விளங்கும். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கம், போர் முடிந்த மாதம் என்று, ஒவ்வொரு வைகாசியிலும் மண்டபம் எடுத்து நினைவுநாள் செய்யும். மாத்தளனில் குடித்த அதே உப்புக் கஞ்சியைக் காய்ச்சும். உறவுகள் ஒவ்வொருவராக மைக்குக்குப் போய்த் தங்கள் பெயர்களை வாசித்துச் சுடர் ஏற்றுவார்கள். சபை எழும்பி நிற்கும். என் மூன்று பெயரும் முதன்முதல் அந்த ஒலிபெருக்கியில் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

ராசன் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். அவரும் சிட்னிக்கு வந்து சேர்ந்தவர். அவர்தான் இப்போது சங்கச் செயலாளர். கேட்டேன்.

"ஓம் தங்கச்சி. கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. நாங்கள் பட்டதைத்தானே அவையும் படுகினம். செத்த பிள்ளைக்கு என்ன நாடு?"

என் மனம் குளிர்ந்துபோனது. அடுத்த நாளே சமருக்குச் சொன்னேன். வாருங்கள். அங்கே ஒரு பிரச்சினையும் இருக்காது. எல்லாரும் எங்கள் ஆட்கள்.

இதை நான்தான் சொன்னேன்.

மூன்று கிழமை பெயர் பழகினேன். விரிப்பை இழுக்கும்போது ஒரு பெயர். விடும்போது அடுத்த பெயர். ஹிபா என்பதற்குத் தொண்டையிலிருந்து காற்று வரவேண்டுமாம். எனக்கு வரவில்லை. சமர் சிரிப்பாள். பிறகு சிரித்ததற்காக அழுவாள். ஒரு கடதாசியில் என் கையெழுத்தில் தமிழில் எழுதினேன். மேலே என் மூன்று. கீழே அவர்களின் ஆறு. என்னையே ஒன்பதையும் வாசிக்கச் சொல்லி உம் யூசுப் கேட்டுக்கொண்டார்.

போன வைகாசி. ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் மூன்று மணி. மண்டப வாசல். உம் யூசுப் பூத்தையல் போட்ட கறுப்பு உடுப்பில் வந்திருந்தார். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். வாசலில் நின்ற பெடியன் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். ராசன் அண்ணை வெளியே வந்தார். என்னை மட்டும் தள்ளிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, குறை நினையாத. இவையை இண்டைக்கு உள்ள விடேலாது."

"நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வரச் சொன்னியள்?"

"சொன்னனான். நிலைமை மாறிப்போச்சு. கொமிற்றியில கன பேர் விரும்பேல்லை. இது எங்கட நாள், இதுக்குள்ள இன்னொரு சண்டையைக் கொண்டு வராதேங்கோ எண்டு நிக்கினம். எங்களுக்கு அடி விழேக்க அவை வந்து கத்தினவையே எண்டு கேக்கினம். எம்.பி. ஒருத்தரும் வந்திருக்கிறார். எங்கட பெடியள் பத்து வருசத்துக்கு மேல முடிவு தெரியாமல் பிரிட்ஜிங் விசாவில கிடக்கிறாங்கள். இவையோட சேர்த்து எங்களைப் பாத்தா அதுவும் போச்சு."

"அண்ணை, அவ கொடி கொண்டு வரேல்லை. பேரீச்சம்பழம் கொண்டு வந்திருக்கிறா. ஆறு பெயர். ஒரு நிமிசம்."

"எனக்கு விளங்குது. இண்டைக்கு வேண்டாம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பெடியள் கிடக்கிறாங்கள்தான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்களுக்கு வந்ததே. வந்தும் தெரியவில்லை என்றால் நாங்கள் என்ன பிறப்பு? ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபிறகு நீ யார் நான் யார். அந்தப் பழமொழியை எங்களுக்காகவே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

உள்ளே மணி அடித்தது. என் முறை மூன்றாவது. சமரிடம் போனேன். சின்னச் சிக்கல், இங்கேயே நில்லுங்கள், நான் உள்ளே போய் ஒன்பதையும் வாசிப்பேன், ஒலிபெருக்கி வெளியிலும் இருக்கிறது, உங்களுக்குக் கேட்கும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தாய்க்கு அரபியில் சொன்னாள். தாய் தலையாட்டினார். பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியின் கீழே போய் நின்றார்.

மைக். முன் வரிசையில் எம்.பி. எனக்குப் பக்கத்தில், சுடர் எடுத்துக் கொடுக்க, ராசன் அண்ணை. மூன்று விரல் மட்டும் உள்ள அந்தக் கை. கடதாசியை அவர் பார்த்துவிட்டார். எத்தனை வரி என்று எண்ணியும் இருப்பார். கையை மட்டும் என் தோளில் வைத்தார்.

வாசித்தேன்.

சூசைப்பிள்ளை அலோசியஸ். முப்பத்தெட்டு வயது. அலோசியஸ் டிலக்சன். ஒன்பது வயது. அலோசியஸ் நிறோஜா. ஆறு வயது.

சபை எழும்பி நின்றது. அடுத்த வரி யூசுப். எழுத்துத் தெரிகிறது. வாய் திறக்கிறேன். தோளில் கை. அழுத்தவில்லை. சும்மாதான் இருக்கிறது. மண்ணைக் கிண்டின கை. நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

கடதாசியை மடித்தேன். சுடரை வாங்கி ஏற்றினேன். இறங்கி வந்தேன்.

ஒருவரும் என் வாயைப் பொத்தவில்லை. மைக்கைப் பறிக்கவில்லை. மற்றவர்கள்மேல் பழிபோட இதை எழுதவில்லை. நான் வாசிக்கவில்லை.

ஷறோன் கஞ்சி ஊற்றும் மேசையில் நின்றாள். இப்போது யூனிவர்சிற்றிக்குப் போகிறாள். இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அவளும் பின்னால் வந்தாள். ஒலிபெருக்கியின் கீழே ஒருவரும் இல்லை. படிக்கட்டில் பேரீச்சம்பழப் பெட்டி. உம் யூசுப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன் பிள்ளைகளின் பெயர் தெரியும். மூன்று பெயர் கேட்டிருக்கும். தன்னுடையதற்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்பார். பிறகு அடுத்த குடும்பத்தைக் கூப்பிடும் சத்தம் கேட்டிருக்கும்.

"அம்மா, யூ டோல்ட் தெம் டு கம்," என்றாள் ஷறோன்.

பிறகு தமிழிலும் சொன்னாள். "நீங்கள்தான் வரச் சொன்னீங்கள்."

கோப்பை கையைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. சமர் வேறு மெசினுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டாள். ஃபோன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். தாய் நித்திரை என்றாள். அவர் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில், இருந்தது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிகிறது என்று அவளுக்கும் தெரியும். போட்டு வாறன் என்று தமிழில் விடைசொன்னேன். ஏன் தமிழில் சொன்னேனோ.

பிறகு ராசன் அண்ணை ஃபோனில் நன்றி சொன்னார். நல்ல புத்தி என்றார். அதற்குப் பிறகு அவரோடு நான் கதைக்கவில்லை. அவர் தந்த உயிரோடுதான் கதைக்காமல் இருக்கிறேன்.

கணக்கு இது. மாத்தளனில் நான் இழந்தது கணவர் ஒருவர், பிள்ளைகள் இரண்டு, ஒரு தையல் மெசின், ஒரு கலியாணச் சீலை. சிட்னியில் இழந்தது ஒரு அண்ணன், ஒரு சிநேகிதி. இந்த இரண்டாவது கணக்கில் ஷெல் விழவில்லை.

கடதாசி என்னிடம்தான் இருக்கிறது. மடித்த இடம் கிழியத் தொடங்கிவிட்டது. மேலே உள்ள மூன்றும் வாசித்தாயிற்று. மிச்சம் ஆறு. வாசிக்கிறவர்கள் முடிந்தால் எழும்பி நில்லுங்கள்.

யூசுப். நாற்பத்தொரு வயது.

ஹிபா. முப்பத்தாறு.

ஓமர். பன்னிரண்டு.

லீன். ஒன்பது.

தாலா. ஐந்து.

கரீம். எட்டு மாதம்.