தோளில் ஆடு சுமந்த இருவர்

மேடையில் அமர்ந்திருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவரான மாமா அவர்களே, அவர் கையைப் பிடித்திருக்கும் மகளே, பணி முடிந்து சீருடையோடு வந்திருக்கும் அருங்காட்சியகக் காவலர்களே, சனிக்கிழமை தோறும் வந்து அக்காவைக் கேள்விகளால் துளைத்தெடுத்த அருங்காட்சியக நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அத்தனை பேரும் அக்காவை அமைதியானவர் என்றார்கள். அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். எந்த அக்காவைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சிற்பக்கூடத்தின் காப்பாளராக அவர் இருந்த காலமெல்லாம், உடைந்த சிலைகளுக்கு ஒட்டுப்போடும் வேலையில் நான் அவர் பக்கத்து அறையில் இருந்தேன். அவர் குரல் சுவரைத் தாண்டி வரும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சண்டைக்குத் தயாராக இருப்பார். அப்படிப்பட்டவரை இறந்த பிறகு அமைதியானவர் ஆக்குவது யாருக்கு வசதி? அவர் எதற்காகப் போராடினார் என்று இந்த மேடையில் ஒருவர்கூட வாய் திறக்காதது ஏன்?

நான் சொல்கிறேன்.

கிறிஸ்தவத்துக்கும் அதற்கு முந்தைய ஐரோப்பியப் புராணங்களுக்கும் உள்ள உறவுதான் அக்காவின் வாழ்நாள் வேலை. குளிர்காலத்தின் நடுவில் வரும் விழா, வாடாத பச்சைக் கிளையை வீட்டுக்குள் கொண்டுவருவது, மடியில் பிள்ளையோடு அமர்ந்த தாய் என்று எதை எடுத்தாலும் அதற்குப் பழைய சாயல் ஒன்று இருப்பதைக் காட்டுவார். ஆனால் சாயலோடு நிறுத்த மாட்டார். ஐரோப்பாவின் வடக்கே ஒரு பழைய கடவுள் மரத்தில் தொங்கினார், ஈட்டியால் குத்துப்பட்டார் என்பார். கூட்டம் "அட" என்று வாயைப் பிளக்கும்போது, "அவசரப்படாதீங்க. அவர் தனக்கு அறிவு வேணும்னு தொங்கினார். சிலுவையில இருந்தவர் யாருக்காகத் தொங்கினார்?" என்று கேட்பார். எது எதைப் பார்த்து வந்தது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்வார்.

கிறிஸ்தவத்தில் இருப்பதெல்லாம் பழைய புராணங்களிலிருந்து திருடியது என்று துண்டறிக்கை போட அவரிடம் கையெழுத்துக் கேட்டு வந்த ஒரு அச்சகக்காரரை நான் இருக்கும்போதே விரட்டினார். "உங்க மூக்கு உங்க அப்பா மூக்கு மாதிரியே இருக்கே, திருடிட்டீங்களா?" என்றார். அந்த மனிதர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வழிபாட்டுக்குப் போனவர் அக்கா. அவரையா நம்பிக்கையின் எதிரி என்றீர்கள்?

எங்கள் கூடத்தில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு கற்சிலைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் ஓர் இளைஞன் தோளில் ஆட்டைச் சுமந்து வருகிறான். ஒன்று ஹெர்மிஸ் என்ற கிரேக்கக் கடவுள். மற்றொன்று பழைய கிறிஸ்தவக் கல்லறைக் கூடத்திலிருந்து வந்த நல்ல மேய்ப்பன், சிலுவையில் இருந்தவரையே ஆடு மேய்ப்பவராகக் காட்டும் உருவம். சனிக்கிழமை அன்று அக்கா இரண்டின் பெயர்ப் பலகையையும் துணியால் மூடிவிடுவார். வருபவர்கள் சிலையைப் பார்க்க வேண்டும், பலகையைப் பார்க்கக் கூடாது. "ஒண்ணா இருக்கிறதை யார் வேணா சொல்லிடுவாங்க. எங்க பிரியுதுன்னு சொல்லுங்க" என்பார். கூட்டம் மூக்கைச் சொல்லும், முடியைச் சொல்லும். கடைசியில் அவரே சொல்வார்: "தோளும் ஒண்ணு, ஆடும் ஒண்ணு. ஆனா அந்த ஆடு பலிக்குப் போகுது. இந்த ஆடு காணாமப்போய்க் கிடைச்சது, வீட்டுக்குப் போகுது." மதத்தை இழிவுபடுத்துகிற பேச்சா இது?

புகார் வந்தது. தெய்வத்தையும் பொய்த்தெய்வத்தையும் சமமாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று யாரோ முறையிட்டார்கள். குழு நேரில் வந்தது. வந்த நாள் சனிக்கிழமை. பலகைகள் மூடியிருந்தன. ஒரு சிலை அழகு, சுருள்முடி, கீறல் இல்லாத முகம். மற்றது முரட்டு வேலை, மூக்கு உடைந்தது, உளி பட்ட தடம் அப்படியே தெரியும். தலைவர் கைத்தடியை நீட்டி, "இந்தப் பொய்த்தெய்வத்தைக் கீழே கொண்டுபோங்க" என்றார். கைத்தடி எதைக் காட்டியது? உடைந்த மூக்கைக் காட்டியது.

"ஐயா, ஒரு நிமிஷம். துணியை எடுத்துட்டுப் பாருங்க" என்றார் அக்கா.

"உங்ககிட்ட யாரும் கேட்கலை" என்றார் தலைவர்.

அங்கே நான் நின்றேன், காவலர்கள் நின்றார்கள், துப்புரவுப் பணி அம்மா நின்றார், குழு முழுவதும் நின்றது. ஒருவர் குனிந்து அந்தத் துணியைத் தூக்கியிருந்தால் போதும். அக்கா தூக்கப் போனார். தொடக் கூடாது என்றார்கள். நல்ல மேய்ப்பன் சாக்கில் சுற்றப்பட்டுக் கிடங்குக்குப் போனார். ஹெர்மிஸுக்கு முன்னால் பூச்சாடி வந்தது. தலைவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். அதோடு விட்டார்களா? அந்தச் சுருள்முடி முகத்தைப் படம் பிடித்து வாழ்த்து அட்டையில் போட்டு ஊரில் உள்ள வீடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். பழைய பலகையைச் சுற்றிய துணியோடு கழற்றி எறிந்துவிட்டு, நல்ல மேய்ப்பன் என்று அவர்களே புதிதாக மாட்டினார்கள்.

சிரிக்காதீர்கள். எனக்கும் ஒருகாலத்தில் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "கிடங்கில கிடக்கிறது உங்க சாமி ஐயா" என்று படியேறிப் போய்ச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். தலைவர் அறைக் கதவு திறக்கவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் பூச்சாடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தபோதுதான் திறந்தது. திறந்த கதவுக்குள் என்ன முடிவானது தெரியுமா? சிலைகளை வேண்டுமென்றே மாற்றிக் குழுவை ஏமாற்றினார் காப்பாளர் என்று முடிவானது. விசாரணையில் நான் சொன்னேன், கைத்தடி எங்கே நீண்டது என்று. காவலர்கள் சொன்னார்கள். ஒன்றும் எடுபடவில்லை. நம்பிக்கைத் துரோகம் என்று எழுதி அக்காவை வேலையை விட்டு நீக்கினார்கள். இரண்டு சிலைகளும் கிடங்குக்குப் போயின. கூடத்துக்குப் பூட்டு விழுந்தது.

வேலை போனதற்கு அவர் அழவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கு அழுதார். சிலையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவரைத் துரோகி என்றால் எப்படித் தாங்குவார்? மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது என்னிடம் கேட்டார்: "அந்த வரியை எடுத்துட்டாங்களா, தம்பி?" எடுக்கவில்லை என்பதை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்று இந்த மேடையில் தலைவர் அறிவிக்கிறார், அந்தக் கூடத்தைத் திறந்து காலிப் பீடத்தின் மேல் அக்காவின் படத்தை மாட்டப்போகிறார்களாம். மாலை போடப்போகிறார்களாம். உயிரோடு இருந்தவருக்கு ஒரு வரியை அடித்துத் தர மனமில்லாதவர்கள் செத்தவருக்கு மாலை போடலாமா? துரோகி என்று எழுதிய கையால் படத்துக்கு ஆணி அடிக்கலாமா?

தலைவர் அவர்களே, ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அவர் மாற்றவில்லை, நாங்கள்தான் தவறாகக் காட்டினோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். இதோ, உங்கள் முன்னால் வைக்கிறேன்.

கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி.

அப்படியானால் இந்தக் கூட்டம் தீர்மானம் போடட்டும். அக்கா சிலைகளை மாற்றவில்லை, அன்று நான் அங்கே இருந்தேன், கண்ணால் பார்த்தேன் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.

காவலர்கள் எழுந்துவிட்டார்கள். நன்றி. துப்புரவுப் பணி அம்மா எழுந்துவிட்டார். மேடையிலும் ஒருவர் எழுந்திருக்கிறார். குழு உறுப்பினர் அம்மா, நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் உட்கார்ந்துவிடாதீர்கள். மகளே, திரும்பிப் பார். உன் அம்மாவுக்குச் சாட்சி இத்தனை பேர்.

நான் எடுக்கும் உறுதி இது. சிலைகளுக்கு ஒட்டுப்போடுகிறவன் என்பதால் கிடங்குச் சாவி என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்த இருவரையும் மேலே கொண்டுவந்து அவரவர் பீடத்தில் நிறுத்தப்போகிறேன். சனிக்கிழமை பலகைகளைத் துணியால் மூடி, அக்கா கேட்ட கேள்வியை நான் கேட்கப்போகிறேன். எனக்கு அவரைப்போல் பேச வராது. திக்கித் திணறித்தான் சொல்வேன். வேலை போனால் போகட்டும், இருக்கும் நாள் வரை சொல்வேன்.

கல் கனமானது, என்னால் தனியாக முடியாது. யார் வருகிறீர்கள்?

மாமா, நீங்கள் உட்காருங்கள். உங்களுக்கு முதுகுவலி. சொன்னால் கேளுங்கள், இத்தனை பேர் கை தூக்கியிருக்கிறார்கள்.

சரி. வாருங்கள். உடைந்த மூக்குக்காரரை முதலில் எடுப்போம். நீங்கள் ஆட்டின் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.