உடையாத கண்ணாடி

ஏணிய விட்றாதீங்க சார், ஆடுது. ஆங், அப்படித்தான், ரெண்டு கையாலயும். உங்க வீட்டுத் தரையே ஒரு பக்கமா சாய்ஞ்சு கெடக்கு, ஏணிய மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது? கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்.

இல்ல சார், இது மேல்பூச்சு விரிசல் கெடையாது. அது மெல்லிசா வலை மாதிரி ஓடும். இது செங்கல் இடுக்கப் பிடிச்சுக்கிட்டு படிப்படியா ஏறுது பாருங்க. என் சுண்டு விரல் உள்ள போகுது. அஸ்திவாரமே எறங்குது. காலேஜ்ல இதையே பாடமா நடத்தினவரு நீங்க, உங்களுக்கா தெரியாது? இன்னொருத்தர் வாயால கேக்கணும், அதுக்குத்தான் எங்க ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் பண்ணியிருக்கீங்க.

காரணமா? பின்னாடி தெருவுல தண்ணி கம்பெனிக்காரன் லாரி லாரியா ஏத்தறானே, அவன்தான். போர் போட்டு ராப்பகலா உறிஞ்சறான். உங்க வீட்டுக்கு அடியில களிமண்ணு. தண்ணி இருக்கற வரைக்கும் ஊறப்போட்ட பயறாட்டம் உப்பிக்கிட்டு வீட்டத் தாங்கும். தண்ணி எறங்குச்சா, மண்ணு சுருங்கிடும். உங்க கெணத்த எட்டிப் பாத்தேன், தண்ணி பாதாளத்துல இருக்கு.

எழுதித் தரேன் சார், ஏன் தராம? நெலத்தடித் தண்ணிய உறிஞ்சதாலதான் சுவர் வெடிச்சதுன்னு பளிச்சுனு எழுதுவேன். ஆனா விசாரணைன்னு வந்தா கம்பெனி வக்கீல் எத நீட்டுவான் தெரியுமா? உங்க கட்டுரையத்தான். போருக்கும் வீட்டு விரிசலுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அந்தக் காலத்துல எழுதினீங்களே, அதே கட்டுரை. அவனுக்கு அனுமதி கெடைச்சதே அத வச்சுத்தானாம்! ஐயோ, சிரிப்பு வருது சார், மன்னிச்சுக்கங்க. அடக்கிப் பாத்தேன், முடியல.

அந்தக் கண்ணாடித் துண்ட எடுங்க. விரிசலுக்குக் குறுக்க ஒட்டிட்டுப் போறேன். சுவர் அசைஞ்சா உடையும், அசையலேன்னா அப்படியே நிக்கும். கண்ணாடி பொய் சொல்லாதுன்னு வகுப்புல அடிக்கடி சொல்வீங்களாமே?

ஐஸ் பேக்டரி பக்கத்துல ஒரு வீடு, ஞாபகம் இருக்கா சார்? ஓட்டு வீடு, நீலக் கதவு. இல்லையா? நீங்க எத்தனையோ வீடு பாத்திருப்பீங்க. அங்கயும் இதே மாதிரி விரிசல். பேக்டரிக்காரன் போர் போட்டதுலேந்து வந்துச்சு. நீங்க கண்ணாடி ஒட்டிட்டுப் போனீங்க, அடுத்த மாசம் வந்து பாத்தீங்க, கண்ணாடி முழுசா இருக்கு, வெறும் மேல்பூச்சு விரிசல்தாம்மா, பயப்படாம இருன்னு அந்த வீட்டுப் பொம்பளைகிட்ட சொல்லிட்டுப் போனீங்க. பெரிய படிப்பு படிச்சவரு சொல்லிட்டாருன்னு அவளும் சுண்ணாம்பு அடிச்சு, கட்டில அந்தச் சுவத்தோரமாவே போட்டுக்கிட்டா. மழை வந்துச்சு. சுவர் கட்டில் மேல விழுந்துச்சு. ஆளு அங்கயே முடிஞ்சா.

எங்க அக்கா சார் அவ.

கைய எடுக்காதீங்க, நான் மேல நிக்கறேன்ல?

மழையாலயா? போங்க சார். நீங்க ரெண்டாவது தடவ வந்தப்போ அந்தக் கண்ணாடி ரெண்டா உடைஞ்சிருந்துச்சு. சத்தமில்லாம அதப் பேத்து எடுத்துட்டு, பையிலேந்து புதுசு எடுத்து ஒட்டி, போட்டோ எடுத்துக்கிட்டீங்க. அந்தப் போட்டோ கட்டுரையில எவ்ளோ அழகா வந்திருக்கு! அக்கா அடுப்படியில இருந்தா, பாவம். வேற யாரும் பாக்கலேன்னு நெனச்சீங்களா?

என்கிட்ட கெஞ்சி என்ன ஆகப்போகுது? நான் உள்ளத உள்ளபடிதான் எழுதப் போறேன். ஆனா அது மட்டும் பத்தாது. விசாரணையில நீங்களே எழுந்து நின்னு, உடைஞ்ச கண்ணாடிய மாத்தினேன், கட்டுரை பொய்யின்னு உங்க வாயாலயே சொல்லணும். எங்க அக்கா பேரச் சொல்லிச் சொல்லணும். சொன்னா போர மூடுவாங்க, வீடு நிக்கும். சொல்லலேன்னா கட்டுரை நிக்கும். ரெண்டுல எது வேணும்னு யோசிச்சு வைங்க. யோசிக்கற வரைக்கும் உங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு முன் ரூம்ல படுங்க, இந்தச் சுவத்தோரம் வேணாம். எங்களுக்கு இதச் சொல்ல அன்னைக்கு ஆள் இல்ல.

ஆமா சார், பழி வாங்கத்தான் வந்திருக்கேன். மறைக்க என்ன இருக்கு? இந்தப் படிப்பையே அதுக்காகத்தான் படிச்சேன். நீங்க புகார் குடுத்திருக்கீங்கன்னதும் அடிச்சுப் பிடிச்சு இந்த வேலைய வாங்கிட்டு வந்தேன். வயிறு குளுந்து போச்சு.

ம், ஒட்டியாச்சு. எறங்கறேன், நல்லாப் பிடிங்க. அன்னைக்கு நீங்க மேல நின்னு கண்ணாடிய மாத்தினப்போ, கீழ ஒரு பாவாடை சட்டைப் பொண்ணு ஏணியப் பிடிச்சிட்டு இருந்தாளே? உடைஞ்சத அவ கையில குடுத்து, கிழிச்சுக்காம குப்பையில போடும்மான்னீங்க. நான் போடல சார்.