முதுகில்லாத அலுமாரி

"அப்ப செவுரையும் சேத்தே மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்பிருவோம்."

தேயிலைத் தோட்டங்கள் வழியே தெரணியகலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னது இது. அவர் மடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய புது உளி இருந்தது.

"கத்தாத புள்ள. மூலைக்கு மூல நாக்கு வெட்டி, துளையில எறக்கியிருக்கேன். பலகைக்குப் பலக ஒரு ஆணி கெடையாது. எந்த மரவேல பாஸ் அப்படிச் செய்வான்?"

"எந்த பாஸும் செய்யமாட்டாருங்க. மக கல்யாணச் சீருக்குச் செய்யிற அலுமாரிக்கு முதுகுப் பலக வைக்காம, நம்ம லயத்து வீட்டுச் செவுரே போதும்னு எந்த பாஸ் சொல்லுவாரு?"

"பலக பத்தல. செவுரு சும்மாதானே நிக்குது."

"அப்ப செவுத்துல அடிச்சிருக்கிற ஆறு ஆணி?"

"அது அலுமாரி ஆடாம இருக்க. அத கணக்குல சேக்காத."

"இப்ப இந்த உளி எதுக்கு?"

"கதவுல பூ செதுக்க."

"முதுகே இல்ல, மூஞ்சிக்கு மட்டும் பவுடரா? மொதல்ல அத கழட்டிப் பாத்தீங்களா?"

அவர் உளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கழட்டுனா செவுரு பேந்துக்கிட்டு வருது. லயம் தோட்டத்துது, தொரைகிட்ட கேக்கணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கப்பா காலத்துல இருந்து அந்த லயத்த விட்டுப் போக வழி பாக்குறோம். போறது நம்ம மக ஒருத்திதான். அவ அலுமாரியையும் அங்கேயே கட்டிப் போட்டுட்டீங்க. நல்ல வேலக்காரருங்க நீங்க."